கணினி வலையமைப்பு வரைபடமும் ஆவணப் பொறுப்பும்: அர்ப்பாநெட் முதல் நிறுவன வலையமைப்பு வரை (1969–2008)

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நிறுவனத்தின் கணினிகள், அவற்றை இணைக்கும் சாதனங்கள், கேபிள்கள், முகவரிகள் ஆகியவற்றை வரைந்தும் எழுதியும் வைப்பது இன்று தகவல் தொழில்நுட்பப் பிரிவின் அன்றாடக் கடமையாகக் கருதப்படுகிறது. இக்கடமை உருவான வரலாற்றை 1969இல் தொடங்கிய அர்ப்பாநெட் வலையமைப்பிலிருந்து இக்கட்டுரை ஆராய்கிறது. வரைபடம் வலையமைப்புக்குப் பின்தங்கியே வந்துள்ளது என்பதும், வரையும் கருவிகள் மேம்பட்ட பின்னும் அந்த இடைவெளி நீங்கவில்லை என்பதும், இடைவெளியின் அளவைத் தீர்மானித்தது கருவியைவிடப் பதிவுப் பொறுப்பு பகிரப்பட்ட முறையே என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

முதன்மைச் சொற்கள்: வலையமைப்பு வரைபடம், அர்ப்பாநெட், ஆவணப்படுத்தல், பெயர்ப் பட்டியல், தானியங்கிக் கண்டறிதல், உள்ளுறை அறிவு.

முன்னுரை

கணினி வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. இயந்திரங்கள் ஒன்றோடொன்று இணைந்த பின்னர், அந்த இணைப்புகளைப் பற்றிய அறிவு எங்கே சேமிக்கப்பட்டது, அதனைத் திருத்தும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்னும் வினாக்கள் குறைவாகவே கவனம் பெற்றுள்ளன. தனிக் கணினி ஒன்றினை நேரில் பார்த்து அறியலாம். வலையமைப்போ சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் பல ஊர்களிலும் பரவிக் கிடப்பது. எவரும் அதனை முழுமையாக ஒரே பார்வையில் கண்டதில்லை. ஆகவே வரைபடமும் எழுத்துப் பதிவுமே அதனைக் காண்பதற்குரிய வழிகளாகின்றன. அப்பதிவு தவறாயின், பழுது நேரும் வேளையில் திருத்துவோர் இல்லாத ஒன்றைத் திருத்த முயல்வர். இந்நிலையின் விளைவுகளை மருத்துவமனை, நகராட்சி ஆகிய இடங்களில் நிகழ்ந்தவை காட்டுகின்றன.

1. அர்ப்பாநெட்டின் இருவகை வரைபடங்கள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆய்வுத் திட்ட முகமையான அர்ப்பா நிதியளித்து உருவாக்கிய அர்ப்பாநெட், 1969ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு முனைகளைக் கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸிலும் சாண்டா பார்பராவிலும் அமைந்த கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம், யூட்டா பல்கலைக்கழகம் என்பன அவை. ஒவ்வொரு முனையிலும் ‘இம்ப்’ எனப்பட்ட இடைமுகச் செய்திச் செயலி ஒன்று நிறுவப்பட்டது. ஹனிவெல் நிறுவனத்தின் சிறுகணினியை அடிப்படையாகக் கொண்டு இதனை உருவாக்கியது மாசசூசெட்ஸில் இயங்கிய பி.பி.என். நிறுவனம். நான்கு முனைகளும் கையால் வரையப்பட்ட ஒரு சிறு படத்தில் அடங்கின. நான்கு வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், ஒவ்வொரு முனையின் கணினி வகை ஆகியவையே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

முனைகள் பெருகியபோது வரைபடம் இரண்டாகப் பிரிந்தது. முதல் வகை புவியியல் வரைபடம். அமெரிக்க நாட்டின் எல்லைக்கோட்டின் மேல் ஊர்களும் அவற்றுக்கு இடையிலான குத்தகை இணைப்புகளும் காட்டப்பட்டன. இரண்டாம் வகை தருக்க வரைபடம். இதில் ஊர்களின் இடமும் தூரமும் பொருட்டில்லை. எந்த இம்ப் எந்த இம்புடன் இணைந்துள்ளது, அதனோடு எந்தக் கணினிகள் இணைந்துள்ளன என்பதே காட்டப்பட்டது. இன்று நிறுவனங்கள் தயாரிக்கும் ஆவணங்களில் பருநிலை வரைபடம், தருக்க வரைபடம் என்னும் பாகுபாடு அடிப்படையானதாக உள்ளது. கேபிள் எந்த அறை வழியே செல்கிறது என்பதை முன்னது சொல்லும்; தரவு எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்குச் செல்ல இயலும் என்பதைப் பின்னது சொல்லும். ஒரே வலையமைப்பை இரண்டு வினாக்களுக்காக இருமுறை வரையும் இவ்வழக்கம் அர்ப்பாநெட் காலத்திலேயே நிலைபெற்றுவிட்டதை இவ்வரைபடங்கள் உணர்த்துகின்றன.

1977 மார்ச் மாதத்துக்குரிய வரைபடங்கள் இவ்வகையில் முதன்மையான சான்றுகள். அவற்றின் கீழ் அச்சிடப்பட்ட குறிப்புகள் படங்களைப் போலவே கவனத்திற்குரியவை. புவியியல் வரைபடம், பரிசோதனை நிலையில் இருந்த செயற்கைக்கோள் இணைப்புகள் தன்னில் இடம்பெறவில்லை என்று கூறுகிறது. அதில் காணும் பெயர்கள் இம்புகளின் பெயர்களே என்றும், அவை கணினிகளின் பெயர்களாக இருக்க வேண்டியதில்லை என்றும் அது விளக்குகிறது. தருக்க வரைபடம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கிடைத்த தகவல்களில் சிறந்தவற்றைக் கொண்டே கணினிகள் காட்டப்பட்டுள்ளன என்றும், ஆயினும் அதன் துல்லியத்துக்கு எவ்வித உறுதியும் அளிக்க இயலாது என்றும் அது அறிவிக்கிறது. வலையமைப்பைக் கட்டி இயக்கியவர்களே அதனை முழுமையாக அறிந்திருக்கவில்லை என்பதற்கு இதனினும் நேரடியான சான்று வேண்டியதில்லை. இம்புகள் மையப் பொறுப்பில் இருந்தன. அவற்றோடு இணைந்த கணினிகளோ அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்தன. வரைபடத்தின் ஐயம் எல்லை மாறும் இடத்திலேயே தோன்றுகிறது.

2. பெயர்ப் பட்டியலும் பொறுப்புப் பகிர்வும்

இணைந்த கணினிகளின் பெயர்களையும் முகவரிகளையும் தொகுத்த பட்டியலின் வரலாறு இதே சிக்கலைத் தெளிவாக்குகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு நிலையமும் தனக்கெனத் தனிப் பட்டியலை வைத்துக்கொண்டது. ஒன்றில் உள்ள பெயர் மற்றொன்றில் இல்லாமலும் வேறுபட்டும் இருந்தது. வலையமைப்பு ஆய்வாளர்கள் தம்முள் பகிர்ந்துகொண்ட ஆர்.எஃப்.சி. எனும் கருத்துக்கோரல் ஆவண வரிசையில், 1973 டிசம்பரில் வெளியான 606ஆம் ஆவணத்தில் பீட்டர் டாய்ச் இந்நிலையைச் சுட்டிக்காட்டினார். கணினிகள் படிக்கத்தக்க வடிவில் அதிகாரப்பூர்வப் பட்டியல் ஒன்றை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவரது முன்மொழிவு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் செயல்பட்ட வலையமைப்புத் தகவல் மையம் அப்பணியை ஏற்றது. அம்மையத்தை வழிநடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர்.

மையப் பட்டியல் ஒழுங்கைத் தந்தது. ஆனால் வலையமைப்பு வளர்ந்தபோது அதுவே தடையானது. ஒவ்வொரு மாற்றமும் ஒரே மையத்துக்கு வந்து, அங்குப் பதிவாகி, மீண்டும் எல்லாக் கணினிகளுக்கும் பரவ வேண்டியிருந்தது. 1983 நவம்பரில் பால் மொக்காபெட்ரிஸ் வெளியிட்ட 882, 883ஆம் ஆவணங்கள் களப்பெயர் முறைமை எனும் மாற்றுவழியை முன்வைத்தன. பெயர்வெளி கிளைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கிளையின் பதிவும் அக்கிளைக்கு உரியவரிடமே ஒப்படைக்கப்பட்டது. இதனைத் தொழில்நுட்ப மாற்றமாக மட்டும் காண்பது போதாது. மாற்றத்தைச் செய்பவரே பதிவையும் செய்ய வேண்டும் என்னும் ஆவண நெறி இங்கே முறைமையின் கட்டமைப்பாகவே ஆக்கப்பட்டது.

3. வரைபடம் காட்டாத நிலை: 1980 அக்டோபர் 27

1980 அக்டோபர் 27 அன்று அர்ப்பாநெட் பல மணிநேரம் பயனற்றுப்போனது. இந்நிகழ்வை பி.பி.என். நிறுவனத்தின் எரிக் ரோசன் 789ஆம் ஆவணத்தில் விரிவாகப் பகுத்தாய்ந்தார். இம்புகள் தம் இணைப்புகளின் நிலையை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் செய்திகளில் ஒன்று, வன்பொருள் பழுதால் சிதைந்தது. அதனால் ஒரே செய்தியின் மூன்று வடிவங்கள் வலையில் உலவின. வரிசை எண்களை ஒப்பிடும் விதியின்படி ஒவ்வொரு வடிவமும் மற்றொன்றைவிடப் புதியதாகத் தோன்றியது. எனவே மூன்றும் ஓயாமல் சுற்றிவந்து இம்புகளின் செயல்திறனை விழுங்கின.

அன்று எந்த இணைப்புக் கோடும் இடம் மாறவில்லை. வரைபடத்தில் இருந்த கோடுகள் அனைத்தும் சரியாகவே இருந்தன. வலையமைப்பு மட்டும் இயங்கவில்லை. அமைப்பு, நிலை ஆகிய இரண்டும் வெவ்வேறானவை என்பதனை இந்நிகழ்வு உணர்த்தியது. எது எதனோடு இணைந்துள்ளது என்பது அமைப்பு. இந்த நொடியில் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது நிலை. முன்னதைத் தாளில் வரையலாம். பின்னதைத் தொடர்ந்து கண்காணிக்கவே இயலும். பிற்காலத்தில் நிறுவனங்களில் ஆவணப் பணியும் கண்காணிப்புப் பணியும் தனித்தனியாக வளர்ந்தமைக்கு இவ்வேறுபாடே அடிப்படை.

4. ஆய்வுக்கூடத்திலிருந்து அலுவலகத்திற்கு

அலுவலக வலையமைப்பின் தொடக்கமும் ஒரு வரைபடத்தோடு இணைந்தே உள்ளது. 1973 மே 22 அன்று ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் எழுதிய குறிப்பு, ஈதர்நெட் எனும் உள்ளக வலையமைப்பின் கருத்தைக் கைவரைவுகளுடன் விளக்கியது. தொடக்கக் கால ஈதர்நெட் ஒரே நீண்ட கேபிளாக இருந்ததால் அதன் வரைபடமும் எளிதாயிற்று: ஒரு கோடு, அதிலிருந்து கிளைக்கும் கணினிகள். 1990ஆம் ஆண்டளவில் முறுக்கிணைக் கம்பிகள் வழியே ஒவ்வொரு மேசையையும் ஒரு மைய அறையோடு இணைக்கும் முறை தரப்படுத்தப்பட்டது. அதன்பின் ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான கேபிள்கள் ஒரே அறையில் வந்து முடிந்தன. எந்தக் கேபிள் எந்த மேசைக்குச் செல்கிறது என்பதைப் பார்வையால் அறிய இயலாத நிலை தோன்றியது.

இதற்கான விடையாக அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துறையினரின் தர ஆவணங்கள் வந்தன. 1991இல் வெளியான 568ஆம் தரம் வணிகக் கட்டடங்களில் கேபிள் அமைக்கும் முறையை வகுத்தது. 1993இல் வெளியான 606ஆம் தரம் அக்கேபிள்களை நிர்வகிக்கும் முறையை வகுத்தது. ஒவ்வொரு கேபிளுக்கும், அது முடியும் இடத்துக்கும், அது செல்லும் வழிக்கும் தனி அடையாளம் இட்டு, அவ்வடையாளத்தோடு பதிவேட்டை இணைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமைத்தலுக்கு ஒரு தரமும் பதிவுக்கு மற்றொரு தரமும் தனித்தனியே தோன்றியமை கருதத்தக்கது. பதிவு என்பது அமைப்போரின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்ட துணைப்பணி என்னும் நிலையிலிருந்து வரையறுக்கப்பட்ட கடமையாக இங்கே உயர்கிறது.

வரையும் முறையும் மாறியது. 1992இல் வெளியான விசியோ மென்பொருள், ஆயத்த வடிவங்களைத் திரையில் இழுத்து வைத்து இணைக்கும் வசதியைத் தந்தது. ரவுட்டர், சுவிட்ச், சர்வர் ஆகியவற்றுக்குரிய குறியீடுகள் பொது வழக்காயின. அவற்றுள் மேகக் குறியீடு தனித்தன்மை உடையது. தொலைபேசி நிறுவனத்தின் வலையோ இணையமோ வரைபவரின் பொறுப்புக்கு வெளியே இருந்தமையால், அதன் உள்ளமைப்பைக் காட்டாமல் ஒரு மேகமாக வரைந்தனர். தம் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதைக் குறிக்கும் எல்லைக்கல்லாக அக்குறியீடு பயன்பட்டது.

நிறுவனத்தின் ஆவணப் பொறுப்பைப் பெருக்கிய மற்றொரு நிகழ்வு 1996 பிப்ரவரியில் வெளியான 1918ஆம் ஆவணம். இணைய முகவரிகள் தட்டுப்பாடாகும் எனும் அச்சத்தால், 10, 172.16, 192.168 எனத் தொடங்கும் மூன்று முகவரித் தொகுதிகள் எந்த நிறுவனமும் தன் எல்லைக்குள் பயன்படுத்தத்தக்கனவாக ஒதுக்கப்பட்டன. இவற்றைப் பயன்படுத்த எவரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை. விளைவாக, நிறுவனத்தின் உள் முகவரிகளைப் பற்றிய பதிவு வெளியுலகில் எங்கும் இல்லாமற்போனது. அந்நிறுவனமே எழுதி வைக்காவிடில் அது வேறெங்கும் கிடைக்காது. இரு நிறுவனங்கள் ஒன்றிணையும்போது இரண்டிலும் ஒரே முகவரிகள் வழங்கப்பட்டிருப்பது வெளிப்படும். அப்போது எந்த முகவரி எதற்கு ஒதுக்கப்பட்டது என்னும் ஏடே இணைப்புப் பணியின் முதல் தேவையாகிறது.

5. தானே கண்டறியும் கருவிகள்

கையால் வரைந்த படம் விரைவில் பழமையாவதால், வலையமைப்பையே வினவித் தகவல் பெறும் வழிகள் உருவாயின. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ நிரல், ஒரு முகவரியில் விடையளிக்கும் கணினி உள்ளதா என்று சோதித்தது. சில ஆண்டுகளுக்குப் பின் வான் ஜேக்கப்சன் உருவாக்கிய ‘டிரேஸ்ரூட்’, செய்தி செல்லும் வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டியது. 1988இல் வெளியான எஸ்.என்.எம்.பி. நெறிமுறை, சாதனங்களின் உள்நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறியும் பொதுமொழியைத் தந்தது. அடுத்துள்ள சாதனம் யாது என்பதைச் சாதனங்களே அறிவித்துக்கொள்ளும் முறையைச் சிஸ்கோ நிறுவனம் 1990களில் தன் கருவிகளில் அமைத்தது. எல்லா நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவான தரமாக அது 2005இல் 802.1ஏபி எனும் பெயரில் வந்தது. 1998இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பில் செஸ்விக், ஹால் பர்ச் இருவரும் தொடங்கிய இணைய வரைபடத் திட்டம் இம்முறையை உலகளாவிய அளவில் பயன்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 2000இல் உருவான லூமெட்டா நிறுவனம் அதே நுட்பத்தை நிறுவனங்களின் உள்வலைகளை வரைவதற்குப் பயன்படுத்தியது.

இக்கருவிகளால் கிடைப்பது இருப்பின் பட்டியல். விடையளிக்காதவாறு அமைக்கப்பட்ட சாதனத்தையும் அணைத்து வைக்கப்பட்ட மாற்று இணைப்பையும் அவை காணா. அதனினும் முக்கியமான குறை வேறொன்று. இரு பகுதிகளுக்கு இடையில் ஓர் இணைப்பு உள்ளது என்பதைக் கருவி சொல்லும்; அது எதற்காக அமைக்கப்பட்டது, துண்டித்தால் எந்தப் பணி நிற்கும், அது தற்காலிக ஏற்பாடா நிலையானதா என்பவற்றைச் சொல்லாது. நோக்கம் என்பது சாதனத்தில் பதிவாவதில்லை. அமைத்தவரின் நினைவிலேயே தங்குகிறது. மைக்கேல் போலனி உள்ளுறை அறிவு என விளக்கியதன் ஒரு பகுதியாக இதனைக் கருத இடமுண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. போலனி கூறும் அறிவு சொல்லில் அடங்காதது. வலையமைப்பு அமைத்தவரின் அறிவு எழுதத்தக்கது, எழுதப்படாமல் விடப்பட்டது.

6. இரு நிகழ்வுகள்: பாஸ்டன் 2002, சான் பிரான்சிஸ்கோ 2008

பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவ மையம், இரண்டு மருத்துவமனைகள் 1996இல் ஒன்றிணைந்ததால் உருவானது. அதன் வலையமைப்பும் பகுதி பகுதியாக இணைக்கப்பட்டு வளர்ந்தது. சுவிட்சுகளுக்கு இடையில் தரவு முடிவின்றிச் சுழலாமல் தடுக்கும் ‘ஸ்பேனிங் ட்ரீ’ நெறிமுறை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு சுவிட்சுகளுக்கு மேற்படாத அமைப்பைக் கருதி வகுக்கப்பட்டது. ஒவ்வொரு விரிவாக்கமும் தனித்து நோக்கச் சிறியதாகவே இருந்தது. மொத்தத்தில் அவ்வெல்லை மீறப்பட்டிருந்தது. 2002 நவம்பர் 13 அன்று தொடங்கிய முடக்கம் ஏறத்தாழ நான்கு நாள்கள் நீடித்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்துக் குறிப்பு, ஆய்வக முடிவு ஆகியவற்றுக்குத் தாளையே நாட வேண்டியதாயிற்று. அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி ஜான் ஹலம்கா நிகழ்ந்தவற்றை மறைக்காமல் வெளியிட்டார். வலையமைப்பைப் பற்றிய அறிவு தனி ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது என்பது அவர் பகிர்ந்த பாடங்களுள் ஒன்று. ஏழு என்னும் எல்லை மீறப்பட்டதை எந்தத் தனிச் சாதனமும் காட்டாது. முழு அமைப்பையும் ஒரே தாளில் கொண்டுவரும் தருக்க வரைபடமே அதனை வெளிப்படுத்தும்.

சான் பிரான்சிஸ்கோ நிகழ்வு வேறு வகையானது. அந்நகராட்சியின் ஒளியிழை வலையமைப்பை அமைத்து இயக்கிய பொறியாளர் ஒருவர், அதன் நிர்வாகக் கடவுச்சொற்களை மேலதிகாரிகளிடம் தர மறுத்ததால் 2008 ஜூலையில் கைது செய்யப்பட்டார். சில நாள்களுக்குப் பின் மேயர் கேவின் நியூசமிடம் மட்டுமே அவற்றை அவர் ஒப்படைத்தார். 2010இல் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தகுதியற்றோர் கையில் வலையமைப்பு சிக்கிவிடக் கூடாது என்பது அவர் தரப்பின் வாதம். அவ்வாறு அவர் கருதினார் என்றே கொண்டாலும், பொதுமக்களுக்கு உரிய ஓர் அமைப்பின் திறவுகோல் தனி ஒருவரின் மனத்தில் மட்டும் இருக்குமாறு நிர்வாகம் விட்டுவைத்தது எங்ஙனம் என்னும் வினா எஞ்சுகிறது. இடைக்காலத்தில் வலையமைப்பு இயங்கிக்கொண்டே இருந்தது. உரிமையாளரால் அதனை ஆள மட்டும் இயலவில்லை.

இவ்விரு நிகழ்வுகளும் ஆவணத்துக்குரிய இரு எதிர்நிலைக் கடமைகளைக் காட்டுகின்றன. விரிவான வலையமைப்பு வரைபடம் தாக்க வருவோருக்கும் வழிகாட்டியாகும்; ஆதலால் அது காக்கப்பட வேண்டும். தனி ஒருவரிடம் முடங்கிய ஆவணம், அவர் இல்லாத நாளில் இல்லாத ஆவணமே. ஆதலால் அது பகிரப்பட வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது நிர்வாகத்தின் பணி. பொறியாளரின் நேர்மையை மட்டும் நம்பி அதனை விட்டுவிட இயலாது. அட்டைப் பணப்பரிமாற்றத் துறையின் பாதுகாப்புத் தரம் நடப்பு நிலையில் உள்ள வலையமைப்பு வரைபடத்தைக் கட்டாயமாக்கியதும், 2005இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 27001 தரம் தகவல் உடைமைகளின் பட்டியலையும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரையும் வேண்டியதும் இத்திசையில் அமைந்தவை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன. பருநிலை, தருக்கநிலை என்னும் இருவகை வரைபட மரபு அர்ப்பாநெட் காலத்திலேயே தோன்றியது. வரைபடத்தின் துல்லியம் பற்றிய ஐயமும் அதனோடு உடன்பிறந்தது. அவ்வைய நிலை, பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறும் எல்லைகளில் மிகுந்தது. தானியங்கிக் கருவிகள் அமைப்பையும் நிலையையும் அறிவதற்கு உதவின. நோக்கத்தை எழுதும் பணி மனிதரிடமே எஞ்சியது. தனியார் முகவரிகளின் வரவால் அப்பதிவுக்கு நிறுவனத்துக்கு வெளியே மாற்றுச் சான்று எதுவும் இல்லாமற்போனது.

இவற்றை நோக்க, ஒரு நிறுவனம் தன் வலையமைப்பை ஆவணப்படுத்தும்போது வரையும் மென்பொருளைத் தேர்வதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. மாற்றம் செய்பவர் அம்மாற்றத்தை எழுதாமல் பணியை முடித்ததாகக் கொள்ள இயலுமா? எழுதப்பட்டதைப் படித்து மற்றொருவர் பழுதைத் திருத்த இயலுமா? ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் அதன் காரணம் குறிக்கப்பட்டுள்ளதா? 1977ஆம் ஆண்டின் தருக்க வரைபடம் தன் குறையைத் தானே அச்சிட்டுக் காட்டியது. எந்த நாளில் திருத்தப்பட்டது, எந்தப் பகுதி உறுதி செய்யப்படவில்லை என்பவற்றைத் தன்மீதே குறித்துக்கொள்ளும் வரைபடம், அவ்வாறு குறிக்காத நேர்த்தியான வரைபடத்தினும் நம்பத்தக்கது.